நடுவில் இல்லாத மிடில் சி

பியானோ சொல்லிக்கொடுக்கப் புதிதாக வருகிறவர்கள், முதல் நாள் எதில் தொடங்குவது என்று என்னைக் கேட்பார்கள். மிடில் சி என்று பதில் சொல்லும்போதே கலாவின் நினைவு வந்து எனக்கே குழப்பமாகிவிடும்.

மாசாயில் என் வீட்டுக்கு வகுப்புக்கு வந்தவர் கலா. சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டுவார், இருட்டிய பிறகு திரும்புவார். மகள் விழித்திருக்கும்போது பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மகள் படித்த பாலர் பள்ளியில் ஆசிரியை தேடினார்கள். பிள்ளைகள் பாட, பியானோ வாசிக்கத் தெரிய வேண்டும். அந்த வேலைக்காகத்தான் என்னிடம் வந்தார்.

"மிடில் சி-யில விரல வைங்க" என்றேன். பியானோவின் நட்டநடுவில் வைத்தார். அது சி இல்லை.

"மிடில்னு சொன்னீங்களே டீச்சர்?"

"நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கம். ரெண்டு கறுப்புக் கட்டை ஜோடியா நிக்குதா? அதுக்கு இடது பக்கத்து வெள்ளைதான் சி."

"அப்படி நிறைய ஜோடி இருக்கே!"

"நடுவுக்குக் கிட்ட இருக்கிறது மட்டும் மிடில் சி."

புத்தகத்தைத் திறந்தேன். மேலே வலது கைக்கு ஐந்து கோடுகள், கீழே இடது கைக்கு ஐந்து கோடுகள். மேல் கோடுகளுக்குக் கீழே ஒரு குட்டிக் கோட்டிலும், கீழ்க் கோடுகளுக்கு மேலே ஒரு குட்டிக் கோட்டிலும் மிடில் சி எழுதியிருக்கும். இரண்டும் ஒரே கட்டைதான் என்றேன்.

"அலமாக்! ஒரே ஆளுக்கு ரெண்டு ஐசி கார்டா? இமிகிரேஷன்ல பிடிச்சிருவாங்க லா!"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வீட்டில் பழக ஒரு சின்ன கீபோர்டு வாங்கினார். அதில் இடமிருந்து மூன்றாவது சி-தான் மிடில் சி. எனக்குத் தெரியாமல் அதை எண்ணியே பழகியிருக்கிறார். பள்ளியில் இருந்ததோ முழுப் பியானோ. அதில் மிடில் சி நான்காவது. பிள்ளைகள் முன்னால் வாசித்துக் காட்டும் நேர்முகத் தேர்வு முடிந்து மாலையில் போன் செய்தார்.

"மூணாவது சி-யில வச்சேன் டீச்சர். உறுமுது! பிள்ளைங்க சிரிக்குதுங்க. எது மிடில் சி-ன்னே தெரியல."

"ஐயோ, அப்புறம்?"

"கோயில் பஜனையில பாடுற மாதிரி மெதுவா 'ச' பிடிச்சேன். எந்தக் கட்டை ஒத்துச்சோ, அங்கேருந்து வாசிச்சேன். பிள்ளைங்க கூடவே பாடிட்டாங்க."

"எந்தக் கட்டை?"

"தெரியல. மூணு கறுப்பு நிக்குமே, அதுக்குள்ள."

அது ஜி ஆகத்தான் இருக்க வேண்டும். அவர் பழகியது அடுத்தடுத்த ஐந்தே சுரங்கள் உள்ள பாட்டு. அங்கே தொடங்கினாலும் வெள்ளைக் கட்டைகளே போதும். பிழைத்தார்.

"வேலை என்னாச்சு?"

"கிடைச்சிருச்சு! திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. மிடில் சி எங்கேன்னு யாரும் கேட்டுறக் கூடாது, அதான் பயம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் பாராட்டுவதா, திட்டுவதா என்று புரியவில்லை.

இப்போது யார் கற்க வந்தாலும் முதலில் பாடச் சொல்கிறேன், பிறகு கட்டையைத் தேடச் சொல்கிறேன். எண்ண விடுவதில்லை. இது சரியான முறைதானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மத்தியானத்தில் என் வாசல் வழியே கலாவும் மகளும் கைகோத்து வீட்டுக்குப் போகிறார்கள். அது தெரியும்.