ஒரு கைக்கு அடங்கும் கேமரா

கேமராவை மாற்றும் பேச்சை முதலில் எடுத்தவள் என் மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு காலையில் தவறாமல் கூப்பிடுவாள்.

"அம்மா, அந்தப் பெரிய கேமராவை சும்னே பீரோவுக்குள்ள வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? கடையில கொடுத்துட்டு, பாக்கெட்ல போடுற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கிக்கோ. ஜூம் எல்லாம் இருக்கும்."

'சும்மா' என்பது அவள் வாயில் 'சும்னே' என்றுதான் வரும். மைசூரில் பிறந்து வளர்ந்தவள். எங்களோடு பேச மட்டும்தான் அவளுக்குத் தமிழ்.

"பார்க்கலாம்" என்றேன். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் அதுதான் என் பதில். முடியாது என்றால் காரணம் கேட்பார்கள். சரி என்றால் எழுந்து போய் எதையாவது செய்ய வேண்டியிருக்கும்.

அந்தப் பெரிய கேமராவை நான் வாங்கியபோது பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தேன். ஏழாம் வகுப்புக்குப் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்தப் போய், பிள்ளைகளுக்குக் காட்ட நானே படம் எடுத்தால் என்ன என்று தோன்றியது. அப்படித் தொடங்கியதுதான். டி.எஸ்.எல்.ஆர்., அதோடு நீளமான ஒரு லென்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குக்கரஹள்ளி ஏரிக்குப் போய்விடுவேன். கரையில் நின்று கேமராவின் சின்ன ஜன்னலுக்குள் கண்ணை வைத்தால் வீடு, பள்ளிக்கூடம், திருத்தாத விடைத்தாள் எதுவும் நினைவுக்கு வராது. ஒரு கூழைக்கடா தண்ணீரில் இறங்குவதற்காகவே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். கைப்பிடி ரப்பர் கோடையில் பிசுபிசுக்கத் தொடங்கி, ஓரம் கிளம்பிவிட்டது. நான் அதைக் கோந்து போட்டு ஒட்டி வைத்திருந்தேன்.

பிறகு என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம்கூட ஆகவில்லை. இடது கையும் இடது காலும் போயின. கால் ஓரளவுக்குத் திரும்பியது, கை திரும்பவில்லை. பேசினால் நாக்கு குழறும். ஒருவரிடம் இரண்டு தடவை சொல்லவேண்டியிருக்கிறதே என்ற வெட்கத்தில் பேச்சையே குறைத்துக்கொண்டார். நான் வேலையை விட்டேன். காலையில் குளிப்பாட்டுவது, உடுத்துவது, மாத்திரை, பிசியோதெரபி, மதியம் மாத்திரை, மறுபடி நடை, இரவு மாத்திரை. இரண்டரை வருடம். இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது வீட்டு வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போகாமல் இரண்டு நிமிடம் நின்றிருக்கிறேன். பல நாள் நின்றிருக்கிறேன்.

பெரிய கேமரா பீரோவுக்குள் போனதற்கு ஒரு காரணம் உண்டு. மகளுக்கு அது தெரியாது.

முதல் வருட முடிவில் அவர் நடக்கத் தேறியிருந்தார். ஒரு காலை அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டேன். கரையோர மரத்தில் ஒரு பாம்புத்தாரா சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "இங்கேயே நில்லுங்க, ஒரே நிமிஷம்" என்று சொல்லி அவர் கையை விட்டேன். அந்தக் கேமராவுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை லென்ஸைத் தாங்க, ஒரு கை அமுக்க. கண்ணையும் கொடுத்துவிட வேண்டும். நான்கு படம் எடுத்திருப்பேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் அவர் கீழே கிடக்கிறார். வாக்கிங் வந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். முட்டியில் சிராய்ப்பு, உதட்டில் ரத்தம், அவ்வளவுதான். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு உள்ளே வைத்த கேமராவை அதன் பிறகு நான் எடுக்கவே இல்லை.

மகள் நாலைந்து ஞாயிறு விடாமல் கேட்டதால் ஒரு நாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு அக்ரஹாரக் கடைத்தெருவிலுள்ள கேமராக் கடைக்குப் போனேன். கீழ் வீட்டு அம்மா அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கடைக்காரர் கன்னடக்காரர், என் வயதிருக்கும். எனக்காகத் தமிழ் பேசுவார். என் கேமராவுக்குள் தூசி தட்டிக் கொடுத்துப் பல வருடப் பழக்கம்.

அவர் ஒரு சின்னக் கேமராவை மேசைமேல் வைத்தார். யாரோ வெளிநாட்டுப் பயணத்துக்காக வாங்கி ஒரே தடவை பயன்படுத்தியதாம். சோப்புப் பெட்டி அளவு. பொத்தானை அழுத்தினால் மூக்கு நீண்டு வெளியே வந்தது.

"நோடி மேடம், அந்தக் கோபுரத்துல கலசம் தெரியுது பாருங்க" என்று தெருக்கோடியிலிருந்த கோயிலை இழுத்துக் காட்டினார்.

தெரிந்தது. என் நீளமான லென்ஸில் அவ்வளவு பக்கத்தில் வராது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் கலசத்தின் ஓரமெல்லாம் கரைந்து, தண்ணீர் பட்ட ஓவியம்போல இருந்தது.

"படம் என்னோடதுல வர்ற மாதிரி இல்லையே."

"அது வராது மேடம். இதுக்குள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சார் நகம் அளவு. உங்களது பெரிசு. சாயங்காலமானா இது திணறும்."

"அப்ப எது நல்லது?"

அவர் சிரித்தார். "ரெண்டுமே பழசு மேடம். உங்களது மாதிரி இப்ப செய்றதையே குறைச்சுட்டாங்க. இதை ஃபோன் சாப்பிட்டுடுச்சு. எதை நீங்க வெளியில எடுத்துட்டுப் போவீங்களோ அதுதான் நல்லது. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிச்சா உங்க கேமராவைக் கொடுத்துட்டு இதை எடுத்துக்கோங்க."

இரண்டையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அன்று மாலை அவரை நடக்க வைக்கும்போதுதான் ஒன்று புரிந்தது. பலமில்லாத பக்கம்தான் ஆள் நிற்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்று, என் வலது கையால் அவர் கையைப் பிடித்திருப்பேன். எனக்கு மிச்சம் இருப்பது இடது கை. கேமராவின் பொத்தானோ வலப்பக்கம். சின்னக் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இடது கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கோணலாக விழுந்தது. நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

அந்த வாரத்தில்தான் அவர் ஒரு காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே, "மேல்கோட்டை" என்றார்.

"என்ன மேல்கோட்டை?"

"போலாம்." கொஞ்சம் பொறுத்து, "புளியோதரை" என்றார்.

ஸ்ட்ரோக் வந்த பிறகு அவராக எதையும் கேட்டதில்லை. எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. பஸ், படி, கழிப்பறை எங்கே இருக்கும் என்ற கவலை. ஆனாலும் மறுநாளே கிளம்பினோம். தண்ணீர், மாத்திரை, துண்டு, மாற்று வேட்டி எல்லாம் போட்ட பையில் பெரிய கேமராவுக்கு இடமில்லை. சின்னதைக் கைப்பைக்குள் போட்டேன்.

பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். நான் நின்றுகொண்டே வந்தேன். இறங்கி, மெதுவாக நடந்து, ஒரு சின்னக் கடையில் புளியோதரை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கல்யாணிக் குளத்துக்கு வந்தோம். மேலே மலைக்கோயிலுக்கு ஏறும் பேச்சே இல்லை. குளத்தைச் சுற்றியுள்ள கல் மண்டபத்தில், தூண் நிழலில் அவரை உட்கார வைத்தேன். ஒரு மீன்கொத்தி தண்ணீருக்குமேல் போனது. சின்னக் கேமராவை எடுத்து அதைத் தேடினேன். வெயிலில் திரை முழுக்க வெளுத்து என் முகம்தான் தெரிந்தது. மூக்கு நீண்டு முடிப்பதற்குள் பறவை எதிர்க்கரைக்குப் போய்விட்டது. கேமராவை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்தேன்.

கண் அசந்ததே தெரியவில்லை. விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. கைத்தடியும் இல்லை.

எனக்கு முதலில் தண்ணீரைத்தான் பார்க்கத் தோன்றியது. பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. எழுந்த வேகத்தில் பை கவிழ்ந்து மாத்திரை டப்பா படிகளில் உருண்டது. "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி கையைத் தூக்கி எனக்குப் பின்னால் காட்டினாள்.

பத்துப் பன்னிரண்டு தூண் தள்ளி அவர் நின்றிருந்தார். முதுகைத் தூணில் கொடுத்து, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலது கையில் சின்னக் கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அது என்னைப் பார்த்துத்தான் இருந்தது.

ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். "என்ன வேலை இது? விழுந்திருந்தா? யாரைக் கேட்டுப் போனீங்க?"

"தூங்கினே" என்றார்.

"எழுப்ப வேண்டியதுதானே?"

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, மனம் வரவில்லை என்றா, தெரியவில்லை.

படங்களை அன்று மாலை வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பதினோரு படம். இரண்டில் அவர் செருப்பு. ஒன்றில் விரல். பிறகு குளம், சாய்ந்துபோன மண்டபம். கடைசி ஐந்தும் நான். தூரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கிட்டே இழுத்திருந்தார். கடைசிப் படத்தில் என் முகம் மட்டும். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே கருமை. நெற்றிப்பொட்டு நகர்ந்து புருவத்தருகில் ஒட்டியிருக்கிறது. அதற்கு முந்தின படத்தில், தூங்கும்போதுகூட என் வலது கை பக்கவாட்டில் நீண்டு, எதையோ பிடிப்பதுபோல விரல்கள் வளைந்திருக்கின்றன. படங்கள் கூர்மையில்லை, ஓரங்கள் கரைந்துதான் இருந்தன. ஆனால் இரண்டரை வருடமாக நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் அவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அவர் என் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இல்ல" என்றார். படத்தைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று கேட்கத் தெம்பில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பெரிய கேமராவைக் கடையில் கொடுத்தேன். லென்ஸ், சார்ஜர், பை எல்லாவற்றோடும். கடைக்காரர் கழன்ற ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "யோசிச்சீங்களா மேடம்?" என்றார்.

"யோசிச்சேன். அந்தச் சின்னது எனக்கில்லை, அவருக்கு."

அழுகை வரும் என்று நினைத்துத்தான் போனேன். வரவில்லை. ஸ்கூட்டரில் திரும்பும்போது தோளில் பை இல்லாதது சௌகரியமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, துவரம்பருப்பு கழுவிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேமராவின் சத்தம் காதுக்குள் கேட்டது. ஷட்டர் விழும் சத்தம். அப்போது கொஞ்சம் நின்றேன். பிறகு குக்கரை வைத்தேன்.

இப்போது காலையில் ஏரிக்கரைக்குப் போகிறோம். அவர் பெஞ்சில் உட்கார்ந்து எதையாவது எடுத்துக்கொண்டிருப்பார். பறவைக்காகக் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. நடக்க வருகிறவர்களின் முதுகு, நாய்கள், கடலைக்காரரின் தராசு. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். கூழைக்கடா வந்தால் வெறுங்கண்ணால் பார்ப்பேன். முன்புபோல எல்லாம் மறந்து போவதில்லை. மாத்திரை நேரம் நினைவில் இருக்கும்.

கேமராவின் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளச் சொன்னால் கேட்க மாட்டார். போன மாதம் அது கை நழுவிக் கல்லில் விழுந்தது. ஒரு மூலை நசுங்கி, லென்ஸை மறைக்கும் தகடு சரியாகத் திறக்காமல் போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"வாரை மாட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? குழந்தையா நீங்க?"

அவர் முகம் சிவந்தது. "குழந்தைக்குத்தான் கட்டி விடுவாங்க. என் கையி, என் கேமரா. விழுந்தா விழட்டும். எப்பப் பாரு பிடிச்சுக்கிட்டே இருக்கே நீ!"

குழறலோடு, ஆனால் முழுசாக, ஒரு சொல் விடாமல் சொன்னார். நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினேன். ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். ஸ்ட்ரோக் வருவதற்கு முன்னால் நாங்கள் அப்படித்தான் சண்டை போடுவோம். மதியம் சாப்பாட்டை எதிரில் வைத்துவிட்டுப் பேசாமல் போனேன். அவரே பிசைந்து சாப்பிட்டார், பாதி கீழே சிந்தியது. துடைத்தது நான்தான்.

அந்தத் தகடு இன்னும் பாதிதான் திறக்கிறது. படம் எடுக்கும் முன் என் பக்கம் நீட்டுவார். நகத்தால் நெம்பித் திறந்து கொடுக்கிறேன்.