அம்மா பிரேக் மிதித்த நாள்

அம்மா முதன்முதலாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது ஒரு தை அமாவாசையன்று. எனக்கு எட்டு வயது. நைனா அப்போது செஞ்சியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்று, அதன்பின் நாலு கை மாறி நைனாவிடம் வந்து சேர்ந்த பழைய சீமைக் கார் அது. ஊரில் எல்லோரும் பிளஷர் என்பார்கள். கோட்டை பார்க்க வருகிறவர்கள், கல்யாணக் கோஷ்டி, பிரசவத்துக்குப் போகிறவர்கள் என்று எல்லோரையும் அது சுமந்தது. அதற்கு வயதாகிவிட்டதை நைனாவைத் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

முக்கியமாக அதன் பிரேக். ஒரு தடவை மிதித்தால் பிடிக்காது. பஞ்சு மூட்டையில் கால் வைத்ததுபோல் பெடல் மெத்தென்று கீழே போகும். இரண்டாவது மிதியில் லேசாகப் பிடிக்கும், மூன்றாவதில் வண்டி நிற்கும். நைனா இதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "மூணு மிதி மிதிச்சா எந்த வண்டியும் நிக்கும்" என்பார். அம்மா இரண்டு மாதமாகச் சொல்லிப் பார்த்தாள். வண்டி விஷயத்தில் பொம்பளைக்கு என்ன பேச்சு என்பதுபோல் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தச் சிரிப்புதான் வினையாக முடிந்தது. மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கோயிலில் அறிவிப்பதற்குத்தான் ஓலை என்று பெயர். முதல் ஓலை வாசித்த மறுநாள் நைனா எங்களையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு சிங்கவரம் பக்கம் போனார். முன்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நைனா மிதித்தார். இன்னொரு தடவை மிதித்தார். மூன்றாவது மிதிக்குள் கார் போய் மாட்டு வண்டியின் பின்பக்கத்தை முட்டிவிட்டது. பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஒரு மூட்டை பிரிந்து ரோடெல்லாம் வேர்க்கடலை கொட்டியது. மாமாவின் முன்பல் டாஷ்போர்டில் பட்டுப் பாதியாக உடைந்தது.

நைனா அங்கேயே ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். அவர் சிரித்தார். "எம் பிரேக்குல கொற இல்ல. ஒழுங்கா குந்தத் தெரியாதவன் மேலதான் கொற" என்றார். வண்டிக்காரனும் கூடச் சேர்ந்து சிரித்தான். மாமா வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி நடந்தே போய்விட்டார். அவர் போவதையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

நின்றது என்றால் அவர்கள் இருவருக்குள் மட்டும்தான். என்னிடம் இருவரும் முன்னைவிட அதிகமாகவே பேசினார்கள். "பாப்பா, உங்க நைனாவ சாப்ட வரச் சொல்லு" என்பாள் அம்மா. அவர் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். "பசிக்கலன்னு சொல்லு" என்பார். நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். எனக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. அதுவரை அந்த வீட்டில் யாரும் என் பேச்சுக்காகக் காத்திருந்ததில்லை.

மாமாவோ உடைந்த பல்லோடு ஊர் முன்னால் நிற்க வெட்கப்பட்டு, இரண்டாவது ஓலையன்று கோயில் பக்கமே போகவில்லை. மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையா என்று பெண் வீட்டில் கேட்டுவிட்டார்களாம். இப்படியே இழுத்து, தபசு காலம் என்கிற நோன்பு நாட்கள் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. இந்தச் சேதி வந்த அன்றே அம்மா பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள்.

"உங்க நைனாகிட்ட சொல்லு. எந்தம்பி கால்ல ஒண்ணும் உழ வேணாம். தப்புதான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். அது வரைக்கும் நானும் நீயும் எங்கூட்டுலயே இருக்கறோம்."

"பேஷா போவச் சொல்லு. நானே வண்டியில கொண்டும்போயி உடறேன்னு சொல்லு."

"பிரேக் சரியில்லாத வண்டியில எம் புள்ளய ஏத்த மாட்டேன்னு சொல்லு."

எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் ஊர் தளவானூருக்குப் பக்கம். பள்ளிக்கூடம் போக வேண்டாம். குகைக் கோயில் பாறை மேல் நாள் முழுக்க ஏறி இறங்கலாம். ஒரு வாரம் என்று அம்மா சொல்லவில்லை, ஒரு மாதம் என்றும் சொல்லவில்லை. எவ்வளவு அதிக நாளோ அவ்வளவு நல்லது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அமாவாசையன்று பஸ்ஸை நம்ப முடியாது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு வரும். பெட்டியும் பிள்ளையுமாக ஏற வழியே இல்லை. நைனா முந்தின நாளே வீம்போடு திண்டிவனம் போய், பிரேக்கில் தேய்ந்த ரப்பர்களுக்குப் பதிலாகப் புது ரப்பரும் ஒரு டப்பா பிரேக் ஆயிலும் வாங்கி வந்திருந்தார். காலையிலேயே ரப்பர்களை மாற்றிவிட்டார். ஆனால் பிரேக் ஆயில் ஓடும் குழாய்க்குள் புகுந்த காற்று இன்னும் உள்ளேயே இருந்தது. காற்று இருக்கிற வரைக்கும் பெடல் மெத்தென்றுதான் இருக்கும்.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு சின்னத் திருகைத் திறப்பார். அதில் மாட்டிய ரப்பர் குழாயின் மறுமுனை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் இருக்கும். காற்று அங்கே குமிழி குமிழியாக வரும். திருகை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முன்னாலேயே விட்டால் காரியம் கெட்டது. குமிழி வருவது நிற்கும்வரை இப்படியே நாலு சக்கரத்துக்கும் செய்ய வேண்டும்.

தெருவில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் மேல்மலையனூர் போயிருந்தார்கள். நைனா என்னைத்தான் சீட்டில் ஏற்றினார். உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெடல் மேலேயே ஏறி நின்று குதித்தேன். "குதிக்காதடி, அது இன்னா ஊஞ்சலா!" என்று கீழேயிருந்து சத்தம் போட்டார். வாசலில் பெட்டியோடு நின்றிருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வந்து என்னை இறக்கிவிட்டாள்.

"சீக்கிரம் முடிஞ்சாத்தான் பொழுதோட ஊரு போயி சேர முடியும்னு சொல்லு" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் உட்கார்ந்தாள். கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு வெறுங்காலைப் பெடலில் வைத்தாள்.

தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். நைனா இடது பின்சக்கரத்தடியில் படுத்தார். "பாப்பா, அழுத்தச் சொல்லு" என்றார். நான் முன்னால் ஓடி, "அழுத்தணுமாம்" என்றேன். "அழுத்திட்டேன்னு சொல்லு." பின்னால் ஓடிச் சொன்னேன். "அப்பிடியே புடிச்சிக்கச் சொல்லு." ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அம்மா காலை எடுத்துவிட்டாள். திருகு திறந்தே இருந்தது. பாட்டில் ஆயில் குழாய்க்குள் சரசரவென்று ஏறியது. இப்படி ஏழெட்டு முறை ஓடியும் குமிழி குறையவே இல்லை. எனக்கு மூச்சு வாங்கியது.

கடைசியில் நைனா என்னைப் பாட்டிலருகே உட்காரச் சொன்னார். "நீ இங்க குந்தி கொமிழி வருதான்னு மட்டும் பாரு." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், பொதுவாக, "அழுத்து" என்றார்.

முன்னால் பெடல் கிறீச்சிட்டது. பிறகு, "ம்" என்று கேட்டது.

"புடி."

"ம்."

"உடு."

இப்படித்தான் ஆரம்பித்தது. என் வேலை போனதில் எனக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் பாட்டிலுக்குள் குமிழி முத்து முத்தாக ஏறி வருவது பார்க்க நன்றாக இருந்ததால் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது சக்கரத்தில் அம்மாவின் 'ம்' நீண்டு "அழுத்திட்டேன்" ஆனது. மூன்றாவது சக்கரத்தில் அவளாகவே, பெடலடியிலிருந்த ஆயில் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "கிண்ணத்துல ஆயிலு கொறையுது போல, ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். "ஊத்து, சிந்தாம" என்றார் நைனா. சிந்தாமல்தான் ஊற்றினாள்.

நான்காவது, வலது முன்சக்கரம். கதவு திறந்திருந்தது. அம்மாவின் கால் மேலே, நைனாவின் தலை கீழே. நடுவில் ஒரு முழம்கூட இடம் இல்லை. இனிக் கத்திப் பேசத் தேவையில்லை.

"ரெண்டு மாசமா நீ சொல்லிக்கினுதான் இருந்த" என்றார் நைனா, திருகைப் பார்த்துக்கொண்டே. "நான்தான் கேக்கல. அழுத்து."

அம்மா அழுத்தினாள்.

"குந்தத் தெரியாதவன்னு சொல்லியிருக்கக் கூடாது. புடி."

"புடிச்சிக்கினுதான் இருக்கறேன்."

"பாண்டியில பல்லு டாக்டர் ஒருத்தர் இருக்காராம். மச்சானக் கூட்டிம்போறேன். மூணாவது ஓலைக்குள்ள பல்லக் கட்டிப்புடலாம். உடு."

அம்மா காலை எடுக்கவில்லை.

"உடுன்னு சொல்றேன், இல்ல?"

"தப்புதான்னு அவங்கிட்டயே சொல்லணும்."

நைனா ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். திருகு மூடியே இருந்தது. அம்மாவின் கால் பெடலை அழுத்தியபடியே இருந்தது. எனக்குக் கால் மரத்துப்போனதால் மாற்றி உட்கார்ந்தேன்.

"சொல்றேன்" என்றார் நைனா. "நாளைக்கு மூணு பேருமே போலாம்."

அப்போதுதான் அம்மா பெடலை விட்டாள்.

அதற்குப் பிறகும் அழுத்து, பிடி, விடு நடந்துகொண்டே இருந்தது. ஆனால் பாட்டிலில் ஒன்றும் வரவில்லை. நன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு குமிழிகூட இல்லை.

"நைனா, நின்னுடுச்சு" என்றேன்.

"வருது. சரியாப் பாரு."

"வரல நைனா."

"இன்னும் மெத்துனுதான் இருக்குது" என்றாள் அம்மா மேலேயிருந்து.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ராஜகிரி மலை நிழல் அதற்குள் எங்கள் தெருவில் விழுந்துவிட்டது. இன்னும் மெத்தென்று இருக்கிறது என்றால் நாளைக்குத்தான் எப்படி ஊருக்குப் போவது? அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் கையை நுழைத்துப் பெடலை என் பலம் கொண்ட மட்டும் அழுத்திப் பார்த்தேன். கருங்கல்லாக நின்றது. "கல்லு மாதிரி இருக்குதும்மா!" என்று கத்தினேன். இருவருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாப்பா, உள்ள போயி நைனாவுக்குத் தண்ணி மொண்டா" என்றாள் அம்மா.

சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பி வந்தபோது, ரப்பர் குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள். பாட்டிலுக்கு மூடி போட்டாயிற்று. ஸ்பானர்கள் சாக்குத் துணிக்குள் போயிருந்தன. நைனா மண்ணில் உட்கார்ந்து சக்கரத்தில் சாய்ந்துகொண்டிருந்தார். அம்மா சீட்டைவிட்டு இறங்கவில்லை.

"அழுத்து" என்றார் நைனா.

அம்மா அழுத்தினாள்.

"உடு."

விட்டாள்.

குழாயே மாட்டாமல் அழுத்தினால் காற்று எப்படி வெளியே வரும் என்று நான் கேட்டேன். தண்ணீரை வைத்துவிட்டு விளையாடப் போகச் சொல்லி இருவரும் ஒரே குரலில் விரட்டினார்கள். இத்தனை பெரியவர்களுக்கு இதுகூடவா தெரியவில்லை என்று, தெருமுனை வரை போவதற்குள் எனக்கு அவர்களைப் பற்றிக் கவலையே வந்துவிட்டது.