உட்காராத பிள்ளைக்குச் சூடு

என் தங்கைக்குத் தலை வாரிவிடுவது பெரும்பாடு. ஒரு பக்கம் பின்னி முடிப்பதற்குள் எழுந்து ஓடிவிடுவாள். மறு பக்கத்தை எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் துரத்திப் பிடித்துத்தான் பின்ன வேண்டும். கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்வாள். தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தைப் பீலிக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வருவாள். அதே பிள்ளை எறும்புப் புற்றின் முன் குந்திவிட்டால், காது கேளாதவளைப் போல் அசையாமல் இருப்பாள். இதுதான் எல்லோருக்கும் ஆத்திரம் மூட்டியது. வேண்டுமென்றே செய்கிறாள் என்றார்கள்.

அவளுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். எஹலியகொட பஜாரில் இருந்த சிங்கள வெதமாத்தயா நாடி பிடித்துப் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார். நோய் இல்லையென்றால் திமிர், திமிர் இல்லையென்றால் காத்துக் கருப்பு. எங்கள் லயத்துப் புத்திசாலிகளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு விறகு பொறுக்கப் போய்விடுவாள். இடுப்பில் செருகிய பால்கத்தியை வீடு முழுக்கத் தேடுவாள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

மரத்துச் சிரட்டைகளில் வடிந்த பாலை வெயில் ஏறுமுன் வாளியில் சேர்த்துவிட வேண்டும், பிந்தினால் சிரட்டையிலேயே உறைந்துவிடும். பிள்ளைகளும் கூடவே ஓடிச் சேர்ப்போம். ஒரு வியாழக்கிழமை, தங்கை நிறைந்த வாளியைச் சரிவில் வைத்துவிட்டு ஒரு மரங்கொத்தியின் பின்னால் போய்விட்டாள். வாளி உருண்டது. அம்மாவின் காலை வேலை முழுவதும் கான் வாய்க்காலில் வெள்ளையாக ஓடியது.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி அன்று அம்மாவுக்கு அரைப் பேர்தான் போட்டார், பாதி நாள் கூலி. அதோடு விட்டிருக்கலாம்.

"இது வெறும் சேட்டை இல்ல. உள்ள என்னமோ புகுந்திருக்கு. பூசாரிகிட்ட சொல்லி சூடு போடுங்க, தானா அடங்கும்," என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா தலையாட்டினார். கங்காணியை எதிர்த்துப் பேச எங்கள் லயத்தில் ஆள் கிடையாது. அம்மாவோ தலை குனிந்து காலி வாளியைக் கழுவினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பூசாரி எங்கள் காம்பரா வீட்டுக்கே வந்துவிட்டார். விரலி மஞ்சளை எடுத்து அடுப்பில் காட்டினார். நுனி கனலத் தொடங்கியது. தங்கையைப் பிடிக்க அப்பா தயாராக நின்றார். அவளோ, அது தனக்குத்தான் என்று தெரியாமல், அடுப்பருகில் போய்க் குந்திப் புகை சுருளுவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். பூசாரியின் கையைக் கடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"புள்ளைய இந்தப் பக்கமா திருப்பிப் புடிங்க," என்றார் பூசாரி.

அப்பா குனிந்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். திரும்பி, முந்தானையை விலக்கித் தோள்பட்டையைக் காட்டினாள். அங்கே தோல் சுருங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன. சின்ன வயதில் கஞ்சி கொட்டிவிட்டது என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள்.

"எனக்கும் இந்த வயசுலதான் போட்டாங்க சாமி, ஒரு எடத்துல ஒக்காரலன்னு. அடங்கலன்னு மறுபடியும் போட்டாங்க." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "நான் அடங்கிட்டேனாங்க? நேத்துகூட சோத்த அடிபிடிக்க விட்டேன்னு நீங்கதானே திட்டுனீங்க?"

அப்பாவின் கை தானாகக் கீழே இறங்கியது. பூசாரி மஞ்சளைச் சாம்பலில் போட்டார்.

தங்கை எழுந்து வந்து அந்தத் தழும்பில் விரலை வைத்தாள். "வலிச்சுச்சாம்மா?" என்று கேட்டாள். கேட்டவள் பதிலுக்கு நிற்காமல் வெளியே ஓடிவிட்டாள்.

"வலிச்சுச்சுடி," என்று அம்மா வெறும் வாசலைப் பார்த்துச் சொன்னாள்.