ஊசி தெரிந்த செல்கள்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருடமாக மைக்ராஸ்கோப்பே கதியென்று ரத்த அணுக்களை எண்ணியவள். அவள் கண்ணில் மண்ணைத் தூவிய செல் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள். கேட்டுக் கேட்டு அவளும் அதை நம்பிவிட்டாள். வினையே அங்கேதான்.

தையல்காரரான அண்ணனை ரத்தப் புற்றுநோய் என்று வார்டில் சேர்த்தார்கள். சொந்தக்காரரின் ஸ்லைடைத் தொடாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். அவளுக்கு மனம் கேட்கவில்லை. பார்த்தாள். முதிராத வெள்ளணுக்களுக்குள் ஊசி போல மெல்லிய சிவப்புக் கோடுகள். அந்த ஊசிகள் தெரிந்த நோயாளிகள் பலர் மருந்திலேயே தேறி வீட்டுக்கு நடந்து போனதை அவள் கண்டிருக்கிறாள். மரபணு ரிப்போர்ட் வரப் பத்து நாளாகும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. அவளோ வார்டுக்கு ஓடினாள்.

"அண்ணா, பயப்படாத. செல்லுக்குள்ள ஊசி தெரியுது. நல்ல வகைதான். மருந்துலயே சரியாயிடும்."

அண்ணனுக்கு அது போதும். எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டி வந்தால் அவளுடையது பொருந்தாது, லீவில் வந்திருக்கும் தம்பியைப் பரிசோதித்து வைக்கலாம் என்றார் டாக்டர். "எதுக்குங்க வீண் அலைச்சல்? பாப்பாவே பாத்துட்டா" என்று அண்ணன் தம்பியைக் கப்பல் வேலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஒரு மரபணுவில் மாற்றம். மருந்துக்கு அடங்கினாலும் சீக்கிரமே திரும்பி வருகிற வகை. மஜ்ஜை மாற்றினால்தான் பிழைக்க வழி. எந்த மைக்ராஸ்கோப்பிலும் தெரியாத சங்கதி அது. தம்பி கரை இறங்க இரண்டு மாதமாகும். அவளுக்குத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போல் ஆத்திரம் வந்தது.

வார்டில் அண்ணன் பக்கத்துக் கட்டில்காரரிடம் அளந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"இவதாங்க என் தங்கச்சி. டாக்டரெல்லாம் இவளுக்கு அப்புறம்தான். பாப்பா, இவருக்கும் இதே நோய்தான். அந்த ஊசி இருக்கான்னு பாத்துச் சொல்லேன்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அண்ணா, நான் அவசரப்பட்டுட்டேன். நல்ல வகை இல்ல. தம்பியை உடனே கூப்பிடணும்."

அண்ணனின் சிரிப்பு நின்றுபோனது. அவள் கையைப் பிடித்து அருகே இழுத்தார்.

"மெதுவாப் பேசு பாப்பா. நீ சொன்னதை நம்பி, உங்களுக்கும் நல்ல வகையாத்தான் இருக்கும்னு இவருக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நேத்துதான் மனுஷன் நாலு வாய் சாப்பிட்டாரு."