கீபோர்டு என்று சொல்லிக்கொண்ட தராசு

யுஎஸ்பி கருவி எதையும் கம்ப்யூட்டரில் செருகியவுடன் அது "நான் இன்னார்" என்று சொல்லிக்கொள்ளும். அந்தச் சுயவிவரத்துக்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர், அதில் உள்ள புளுகைக் கண்டுபிடித்து டிரைவர் மென்பொருளைச் சரிசெய்வது மலேசியாவின் ஈப்போவில் என் பிழைப்பு. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி அலுத்துப்போன அன்பர்களே, நீங்களும் கேளுங்கள்.

லோரியின் எடை

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலை. எடை மேடையில் லோரி ஏறுகிறது, கணக்கு மென்பொருளில் எடை வரவில்லை. வாசலில் லோரிகள் வரிசை கட்டி நிற்க, பழம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கிளார்க் குமரன் அழாத குறை.

டிஸ்கிரிப்டரைப் படித்தேன். தராசு தன்னை கீபோர்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது! கீபோர்டு என்றால் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதானே தட்டும்? குமரனின் கர்சர் நின்றது வாட்ஸ்அப்பில். அவர் மனைவி புதுச்சேலையில் படம் அனுப்பி, "எப்படி இருக்கேன்?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பதிலாகப் போயிருந்தது பதினெட்டு டன் சொச்சம்.

தராசின் செட்டிங்கை மாற்றி, எடை ஒழுங்காக வந்ததும் கிளம்பினேன். குமரன் வழிமறித்தார்: "அக்கா, மெஷினு ஓகே. இப்ப எங்க வீட்டுக்கு ஒரு போன் போட்டு, அது லோரியோட எடைன்னு சொல்லிட்டுப் போங்க லா!"

விழுந்த எழுத்து

ஆயர் தாவாரில் ஒரு தேவாலயம். போதகர் "பொய் சொல்ல வேண்டாம்" என்றால், வீட்டிலிருந்து நேரலை பார்ப்பவர்களுக்கு நடுவில் 'டா' விழுந்து, "வேண்...ம்" என்பது "வேணும்" என்று கேட்கிறதாம். சபையில் ஒரே சிரிப்பு. பாவம், அவர் முகம் வாடியிருந்தது.

காரணம், மைக்கை கம்ப்யூட்டரில் செருகியிருந்த மலிவான நீள ஒயர். "அதே ஒயர்ல பிரிண்டர் நல்லாத்தானே ஓடுது?" என்றார். இரண்டின் எண்ட்பாயிண்டும், அதாவது தரவு போகும் வாசலும், வேறு வகை என்று விளக்கினேன். மைக்குக்கு நேரம்தான் முக்கியம், வழியில் விழுந்ததைத் திரும்பிப் பார்க்காது. பிரிண்டர் தாமதமானாலும் விழுந்ததைத் திரும்பப் போய் எடுத்துக்கொண்டுதான் வரும்.

புது ஒயரை மாட்டி முடித்ததும் அவர் சொன்னார்: "அப்ப பிரிண்டர்தான் நல்ல கிறிஸ்தவன் போலம்மா."

இரண்டு பிரிண்டர்

ஈப்போவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, ஞாயிறு மதியக் கூட்டம். மீன்தலைக் கறி ஆர்டர் டீ, காப்பி கலக்கும் அண்ணனிடம் அச்சாகிறது. சமையல்கட்டில் தே தாரிக், அதாவது ஆற்றிய டீ, கேட்ட சீட்டு குவிகிறது. மேசைகளில் பசியோடு சண்டை.

இரண்டு பிரிண்டருக்கும் தொழிற்சாலையிலேயே ஒரே சீரியல் நம்பர். எங்கள் டிரைவர் முதலில் அகப்பட்டதற்கு அனுப்பிவிடுகிறது. நம்பரை விட்டுவிட்டு, எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று பார்த்து அனுப்பும்படி மாற்றினேன்.

கடைக்கார அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "ரெட்டப் புள்ளைங்களுக்கே அடையாள கார்டு ஐசி நம்பர் வேற வேற லா, இதுங்களுக்கு ஒரே நம்பர் பதிஞ்சவன் எவன்?"

இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், யுஎஸ்பி என்று வாயெடுத்தால் எதிரே இருப்பவர் சட்டைப்பையிலிருந்து உடைந்த பென்டிரைவ் ஒன்று வெளியே வந்துவிடுகிறது.