மூன்று விரல் அளவு

கதிரையில் நிமிர்ந்து இருந்து, நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, எடித் அக்கா வாயைத் திறக்கிறார். நாக்கு அண்ணத்தை விட்டு விலகப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, மெல்ல மூடுகிறார். ஆறு தடவை. அடுத்தது, நாடிக்குக் கீழே கைமுட்டியைக் கொடுத்து, அதைத் தள்ளிக்கொண்டு திறப்பது. முற்றத்து ஆடு அசைபோட்டபடி அவரையே பார்க்கிறது. "அதுக்குத் தாடை நோகாது, குடுத்து வைச்ச சீவன்" என்பார். கடைசியில் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் விட்டு அளக்கிறார். இரண்டு போகிறது. மூன்று போனால்தான் சுகம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் கிழிந்த வலை பொத்துவதில் அவரை வெல்ல ஆளில்லை. கத்தி பக்கத்திலேயே கிடக்கும். ஆனால் நைலோன் நூலை அறுப்பது கடைவாய்ப் பல்தான். மண்டபம் அகதி முகாமில் பிடித்த பழக்கம். அங்கே இருபது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளியவர், ஊர் திரும்பி நாலு வருடமாகியும் பல்லுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. கிறிஸ்மஸ் கழிந்த கையோடு ஒரு காலை, பாணைக் கடிக்க வாய் திறந்தபோது காதடியில் பிடித்துக்கொண்டது. தாடைத் தசை களைத்துப்போய்விட்டதாம்.

நோவைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அவருடைய கவலையெல்லாம் பெரிய வெள்ளி. அன்று கோயிலில் மாதாவின் புலம்பலைத் தனியே பாடுவது அவர்தான். அடிக்கு அடி ஒரு நீண்ட 'ஆ' வரும். வாய் முழுதாகத் திறந்தால்தான் அது கடைசி வாங்கில் இருப்பவர் காது மட்டும் போகும். அவரால் முடியாவிட்டால் பாடுவதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி கிறேஸ் ஆயத்தமாக இருந்தார். எடித் அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"கிறேஸ் நல்லாப் பாட்டுப் படிப்பாள்தான். ஆனா மகனைப் பறிகுடுத்த மாதிரி இராது. சந்தையில துலைச்ச மாதிரி இருக்கும்."

பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் பாப்பாமோட்டை ஊர்ப் பிள்ளை துசாந்தினி, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கைமுட்டியைத் தள்ளி, ஆறு எண்ணும் மட்டும் பிடித்து விடச் சொன்னார். எடித் அக்கா வீட்டில் எண்ணி நேரம் பார்க்கும் வழக்கம் இல்லை. தேத்தண்ணிக்குச் சாயம் இறங்க ஒரு விசுவாசப் பிரமாணம், இடியப்பம் அவிய ஒரு செபமாலை. ஆகவே ஒவ்வொரு பிடிக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' முழுதாகச் சொன்னார். ஆறு தடவை கஞ்சத்தனமாகப் பட்டதால் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டினார். ஒரு கிழமையில், இரண்டு விரல் போன வாய் ஒரு விரலாகச் சுருங்கியது. வீடு இப்படி அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை என்று கணவர் வின்சன்ட் சொன்னதை, பிறகு கேட்பதற்காக எடித் அக்கா மனதில் குறித்து வைத்துக்கொண்டார்.

மறுபடி போனபோது, செய்து காட்டச் சொன்ன துசாந்தினி மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"அம்மா, இது பயிற்சி. நேர்த்திக்கடன் இல்லை."

"ஆறு எண்ணுறதுக்குள்ள என்ன பலன் வரும் மகள்?"

"சரி, உங்கட சமயத்தில ஆகச் சின்னச் செபம் என்ன?"

எடித் அக்கா யோசித்து, "சேசு மரி சூசை" என்றார். நெற்றியில் விபூதி பூசியிருந்த அந்தப் பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தபடி தானே சொல்லிப் பார்த்து, இரண்டு தரம் சொன்னால் போதும் என்று முடிவு சொன்னார். ஆறு தடவைக்கு மேல் ஒன்றும் கூடாது, நூலில் பல் படவும் கூடாது. அன்றிலிருந்து எடித் அக்காவின் கழுத்தில் செபமாலையோடு, நூல் அறுக்க ஒரு நகவெட்டியும் தொங்குகிறது.

தவக்காலம் முழுக்கக் கிறேஸ் சுகம் விசாரிக்க வந்து போனார். விசாரித்தது எந்தச் சுகத்தை என்பது இருவருக்கும் தெரியும்.

பெரிய வெள்ளியன்று எடித் அக்காதான் எழுந்து நின்றார். முதல் 'ஆ' பயந்து பயந்து கிளம்பியது. மூன்றாவது, கோயிலைக் கடந்து வாசலில் நின்ற ஆண்களையும் தலை குனிய வைத்தது. பாடி முடித்து வாங்கில் வந்து இருந்தபோது, பக்கத்தில் கிறேஸ் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். எடித் அக்காவும் முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணைத் துடைக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். முக்காட்டுக்குள்ளே அவர், இரண்டு விரலுக்கு மேலே மூன்றாவதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போனது.