செக் விஞ்ஞானியும் அப்பாவின் ஒன்றரை நிமிடமும்

ஏழாம் வகுப்பில் என்னைப் படாதபாடு படுத்தியவர் செக் நாட்டு வேதியியலாளர் ஒருவர். பெயரைக் கேட்காதீர்கள், சொல்லிச் சொல்லி அப்போதே நாக்கு சுளுக்கிவிட்டது. செங்கல்பட்டில் நடந்த அறிவியல் பேச்சுப் போட்டிக்கு மற்றவர்கள் எல்லாம் நாலு பேருக்குத் தெரிந்த விஞ்ஞானியாகப் பார்த்து எடுத்துக்கொள்ள, என் அப்பா மட்டும் இவரைப் பிடித்துவந்து என் தலையில் கட்டினார்.

அப்பாவுக்குக் கல்பாக்கம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ஆராய்ச்சி இல்லை, விஞ்ஞானிகளுக்கு வேண்டிய கண்ணாடிக் குழாய்களைத் தீயில் வாட்டி, ஊதி, இழுத்துக் கொடுப்பது. செக் நாட்டுக்காரரோ, மயிரிழைத் துளையுள்ள கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசத்தைச் சொட்டுச் சொட்டாக விழவைத்து, ஒரு திரவத்தில் என்னென்ன உலோகம் கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி செய்தவர். பிராக் நகரில் பிறந்தது, போர்க்காலத்தில் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தது, நோபல் பரிசு வாங்கியது என்று பேச எவ்வளவோ இருந்தது. அப்பா எழுதித் தந்ததிலோ குழாய், குழாய், குழாய்தான்.

"துளை கொஞ்சம் பெருசாப் பூட்டா சொட்டு நிக்காது, ஓடிப்பூடும். அத்த இழுத்துக் குடுத்தவன்னு ஒருத்தன் இருந்திருப்பான் இல்ல? அவன் பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்லம்மா. நீயாவது சொல்லு" என்பார்.

மொத்தமே ஐந்து நிமிடம். இதற்கே ஒன்றரை நிமிடம் போயிற்று. நான் அடித்துவிடுவேன், அவர் மறுபடி எழுதிவைப்பார். ஒரு வாரம் இதே கூத்து. "புள்ளைய பேஜாரு பண்ணாம வுடுங்க" என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை. முதல் பரிசு வாங்கினால்தான் சென்னைப் போட்டிக்குப் போக முடியும். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது.

மேடையில் அந்த ஒன்றரை நிமிடத்தையும் மொத்தமாக விட்டுவிட்டேன். முன்வரிசையில் அப்பா எனக்கு முன்பாகவே அந்த வரிகளை உதட்டசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் நோபல் பரிசுக்குத் தாவி, மணி அடிப்பதற்குள் முடித்தேன். முதல் பரிசு எனக்குத்தான்.

கோப்பையைக் கொடுத்த நடுவர், "ரொம்ப நல்லா இருந்திச்சி. யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்று மைக்கை நீட்டினார்.

"யாரும் இல்ல சார். நானேதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். அவர்கள் ஓய்ந்த பிறகும் அப்பா தட்டிக்கொண்டிருந்தார். அப்பாடா, கோபமில்லை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் கோப்பையை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒருவழியாகக் குழாய்ப் பேச்சு ஒழிந்தது என்ற நிம்மதியில், திருக்கழுக்குன்றம் வருவதற்கு முன்பே அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.